பதினான்கு நிமிடம் ஆடிய துணி

படம் பார்க்கப் போனவர்களில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள் என்று ஒரு விமர்சனத்தில் படித்தபோது எனக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல. போனைக் கீழே வைத்துவிட்டுச் சாமி படத்துக்கு முன்னால் சூடம் கொளுத்தினேன். ஒரு படத்தை யாரும் கண் விழித்துப் பார்த்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அந்தப் படத்தில் நான் நடிக்கவில்லை. அதில் ஒரு சிவப்புத் துணி வருகிறது. அதை அங்கே கொண்டுபோய் நட்டவள் நான்.

குன்னூரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் எங்கள் எஸ்டேட். பதினெட்டு வருடமாக அங்கே சூப்பர்வைசர். தேயிலைச் சரிவு ஒவ்வொன்றும் எங்கள் பேச்சில் ஒரு காடு. கொழுந்து எடுக்கும் பெண்களைக் காடு காடாகப் பிரித்து அனுப்ப வேண்டும், கூடவே நிற்க வேண்டும், மூன்று வேளையும் எடை போட வேண்டும். வீடு எஸ்டேட் கொடுத்த லைன் வீடு, வரிசையாக ஒட்டிக் கட்டியது. வேலை உள்ளவரைக்கும்தான் வீடு. வேலை போனால் ஒரு மாதத்தில் சாமான் சட்டியோடு ரோட்டுக்கு வர வேண்டியதுதான்.

படம் வெளிவந்து பத்து நாள், நான் போனும் கையுமாகவே கிடந்தேன். எந்த விமர்சனத்தைத் திறந்தாலும் மேலே அதே புகைப்படம். வெள்ளையாக மூடுபனி, அதற்குள் பச்சை, பதினொரு பெண்கள் குனிந்து கொழுந்து எடுக்கிறார்கள், அவர்களுக்குப் பின்னால் மேட்டில் ஒரு கம்பில் சிவப்புத் துணி. படத்தில் அந்தக் காட்சி பதினான்கு நிமிடம் வெட்டாமல் ஓடுகிறதாம். பேச்சில்லை, பாட்டில்லை. கேமராகூட அசையவில்லையாம்.

அதைப் பற்றி அவர்கள் எழுதியது இருக்கிறதே! ஒரு இணைய இதழில், அந்தச் சிவப்பு வாய் திறக்காத பெண்களின் பேச்சு என்று எழுதியிருந்தார்கள். இன்னொருவர் அது ரத்தம் என்றார். மூன்றாமவர், அது வெள்ளைக்காரன் நட்டுவிட்டுப் போன கொடி, இன்னும் இறங்கவில்லை என்று நான்கு பக்கத்துக்கு எழுதித் தள்ளினார். யூடியூபில் தொப்பி போட்ட ஒரு பையன் மட்டும் வயிறெரிந்து கத்தினான். "ப்ரோ, ஒரே ஷாட் ப்ரோ. நான் வெளிய போய் பப்ஸ் தின்னு, டீ குடிச்சுட்டு வரேன், அந்தத் துணி அங்கயே ஆடிட்டு இருக்கு ப்ரோ!" அவன் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். நாலு பேர் அவன் பேச்சைக் கேட்டுப் படத்துக்குப் போகாமல் இருப்பார்கள் அல்லவா?

அடப்பாவிகளா, அது ரத்தமுமில்லை, கொடியுமில்லை. தேயிலைக்கு மருந்து அடித்தால் அந்தக் காட்டின் முகப்பில் ஒரு கம்பில் சிவப்புத் துணி கட்டி நடுவோம். ஏழு நாளைக்கு அதற்குள் யாரும் போகக் கூடாது. போர்டு கிடையாது, எழுத்துக் கிடையாது. துணி இருந்தால் போகாதே, இல்லாவிட்டால் போ. எங்கள் லைனில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். படித்த மனுசர் ஒருத்தருக்கும் தெரியவில்லை. அவர்களுக்குத் தெரியாதவரைக்கும் நான் பிழைத்தேன் என்று இருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு நடந்ததைச் சொல்கிறேன். படம் எடுத்த தம்பி கோயம்புத்தூர்க்காரர், முப்பது வயது இருக்கும். துரையிடம் அனுமதி வாங்கி வந்திருந்தார். மேனேஜரை நாங்கள் இன்றைக்கும் துரை என்றுதான் சொல்கிறோம். துரை என்னைக் கூப்பிட்டு, "தம்பிக்கு வேண்டியதைச் செஞ்சு குடும்மா" என்றார். ஓடைக்காட்டில் படம் பிடிக்க ஏற்பாடு. நல்ல காடு, மருந்து படாத காடு, கொழுந்தும் தயாராக இருந்தது. பெண்களை வரிசையாக நிறுத்தினேன். தம்பி ஓடைக்கு அந்தப் பக்கம் கேமராவை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உம்மென்று நின்றார். அப்புறம் கையை நீட்டினார்.

"அக்கா, அதோ அங்க ஒரு சிவப்புத் துணி தெரியுதே, அது இங்க வேணும்க்கா."

அவர் காட்டியது பாறைக்காடு. முந்தின நாள்தான் அங்கே மருந்து அடித்திருந்தது.

"அது மருந்துத் துணிங்க தம்பி. எடுக்கக் கூடாதுங்க."

"ஒரு மணி நேரம் போதும்க்கா. கடையில புதுத்துணி வாங்கலாம்தான். ஆனா வெயில்லயும் மழையிலயும் வெளுத்த இந்தச் சிவப்பு கிடைக்காது. நீங்களே வந்து பாருங்களேன், எங்க வெச்சா நல்லா இருக்கும்னு சொல்லுங்க."

சொல்லிவிட்டுக் கேமராவை விட்டு நகர்ந்து எனக்கு இடம் விட்டார். நான் குனிந்து பார்த்தேன். பதினெட்டு வருடமாகக் காலால் மிதித்த காடு, அந்தச் சின்னச் சதுரத்துக்குள் வேறு என்னவோவாக இருந்தது. அத்தனை வருடத்தில் இதை எங்கே வைக்கலாம் என்று என்னை ஒருத்தர் கேட்டதில்லை. இதை அங்கே வை, அதை இங்கே வை என்று உத்தரவு போட்டுத்தான் பழக்கம். எனக்குத் தலைகால் புரியவில்லை. "அந்த மேட்டுல, நடுவுல இருக்கற அக்காவுக்கு நேர் பின்னால வெச்சா எடுப்பா இருக்கும்" என்றேன். என் வாயாலேயே சொன்னேன். நானே பாறைக்காட்டுக்குப் போய்க் கம்பைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுப் பக்கமாகச் சுற்றி வந்து நட்டேன்.

பெண்கள் யாருக்கும் இது தெரியாது. தம்பி முன்னமே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது, கேமராவையும் பார்க்கக் கூடாது, கொழுந்தை மட்டும் பாருங்கள். போதாக்குறைக்கு மூடுபனி. துணி அவர்கள் முதுகுக்குப் பின்னால் நூறடி மேலே ஆடிக்கொண்டிருந்தது.

நடுவில் நின்ற அக்கா என் பக்கத்து வீட்டுக்காரர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். சிலோனில் பிறந்து, கைப்பிள்ளையாக இந்த மலைக்கு வந்தவர். இன்றைக்கும் டீயைத் தேத்தண்ணி என்பார். எங்கள் எஸ்டேட்டில் அவர் அளவுக்கு வேகமாகக் கொழுந்து எடுக்க ஆள் கிடையாது. இரண்டு கையும் செடி மேல் ஓடுவதைப் பார்த்தால் நமக்கு மூச்சு வாங்கும். தம்பி அவரை நடுவில் நிறுத்தியதே அதற்காகத்தான்.

ஒரு மணி நேரம் என்றது மூன்று மணி நேரம் ஆனது. நாலு மணிக்குச் சடசடவென்று மழை இறங்கியது. அவர்கள் கேமராவை அள்ளிக்கொண்டு வேனுக்கு ஓட, நான் மூட்டைகள் நனைவதற்குள் எடை போட வேண்டுமே என்று ஷெட்டுக்கு ஓடினேன். துணியைச் சுத்தமாக மறந்துபோனேன்.

மறுநாள் காலை என்னை மேல் டிவிஷனுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் பெண்களைப் பார்த்துக்கொள்ள வேறு டிவிஷன் சூப்பர்வைசர் வந்தார். அவருக்கு எந்தக் காட்டில் என்றைக்கு மருந்து அடித்தார்கள் என்று எப்படித் தெரியும்? ரோட்டில் நின்று பார்த்திருக்கிறார். பாறைக்காட்டில் துணி இல்லை. பனி மூடியிருந்ததால் ஓடைக்காட்டில் இருந்த துணியும் தெரியவில்லை. அக்காவையும் இன்னும் மூன்று பேரையும் பாறைக்காட்டுக்குள் அனுப்பிவிட்டார்.

ஒன்பதரை மணிக்கு நான் கீழே இறங்கி வந்தேன். பனி விலகியது. ஓடைக்காட்டு மேட்டில் அந்தச் சிவப்பு பளிச்சென்று தெரிந்தது. எதிரே பாறைக்காட்டுக்குள் நான்கு தலைகள் தெரிந்தன. அப்போது நான் செய்ததை இந்த இரண்டு வருடத்தில் யாரிடமும் சொன்னதில்லை. கத்திக் கூப்பிட்டிருந்தால் அவர்களுக்குக் கேட்டிருக்கும். நான் கூப்பிடவில்லை. முதலில் ஓடைக்காட்டுக்கு ஓடித் துணியைப் பிடுங்கினேன். சரிவில் இறங்கி ஏறிப் பாறைக்காட்டு முகப்பில் கொண்டுபோய் நட்டேன். கம்பைக் கொஞ்சம் சாய்த்தும் வைத்தேன். அதற்கப்புறம்தான் உள்ளே போனேன்.

அக்கா பாறையில் உட்கார்ந்து ரொட்டியைக் கையால் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "தேத்தண்ணி குடிக்கிறியா புள்ள?" என்றார்.

"வெளிய வாங்கக்கா, எல்லாரும் வெளிய வாங்க. மருந்து அடிச்ச காடு இது. துணி காத்துல சாஞ்சு கெடக்குது."

அந்தப் பொய் யோசிக்காமல் வாயில் வந்தது. துரையிடமும் அதையேதான் சொன்னேன். மலைக் காற்றைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வராது. பறித்த கொழுந்தைப் பள்ளத்தில் கொட்டச் சொல்லிவிட்டார்கள். அத்தோடு முடிந்தது.

அக்காவுக்கு முடியவில்லை. மற்ற மூன்று பேருக்கும் அரிப்போடு போயிற்று, அதனால் மருந்தை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. அக்கா அன்று மத்தியானமே வாந்தி எடுத்தார். விரலெல்லாம் கொப்புளம். டிஸ்பென்சரியில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்க, முந்தின ராத்திரி கருவாட்டுக் குழம்பு என்று அக்கா சொல்ல, லைன் முழுக்கக் கருவாடுதான் காரணம் என்று ஆகிவிட்டது. அவரும் அப்படியே நம்பினார். "கருவாட்ட ஐஞ்சு நிமிசம் கழுவியிருந்தா வெஷம் ஏறியிருக்குமா? அவசரத்துல அப்படியே போட்டுட்டேன் புள்ள, என் புத்தி" என்று என்னிடமே சொல்லி வருத்தப்பட்டார். நான் தலையை ஆட்டினேன். கருவாடு என்றால் உயிரை விடுகிறவர், அன்றோடு நிறுத்திவிட்டார்.

கொப்புளம் ஆறியது. கை நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. அது மருந்தால் வந்ததா, வயதால் வந்ததா, எனக்குத் தெரியாது. எந்த டாக்டரும் சொல்லவுமில்லை. கேட்டால்தானே சொல்வார்கள்? கேட்டிருக்க வேண்டியவள் நான். கொழுந்து எடுக்க முடியாமல் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கிரெச்சில் பெருக்குகிற வேலை கொடுத்தார்கள். தினமும் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு டம்ளர் கீழே விழும். நான் அடுப்படியில் அப்படியே நிற்பேன். இரண்டாவது டம்ளர் விழுகிறதா என்று காது கொடுத்துக் கேட்பேன். விழாத நாளில் பயம் இன்னும் அதிகமாக இருக்கும்.

இந்த நிலைமையில்தான் படம் வந்தது. நல்லவேளை, எங்கள் பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று இருந்தேன். ஒரு நாள் தம்பி போன் செய்தார்.

"அக்கா, சந்தோஷமான விஷயம்! குன்னூர்ல ஃபிலிம் கிளப்ல போடுறோம். ஞாயித்துக்கிழமை மத்தியானம். நடிச்ச பதினோரு பேரையும் கூட்டிட்டு நீங்க வரணும். உங்க துரையும் வராரு. நான் பஸ் அனுப்புறேன்."

"அவங்களுக்கெல்லாம் இது புரியுங்களா தம்பி? ரொம்ப மெதுவா போகுதுன்னு சொல்றாங்களே" என்றேன்.

"மெதுவாப் போனாத்தான்க்கா பாக்க முடியும்" என்றார் தம்பி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா கல்யாணத்துக்குக் கட்டுகிற பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றார். பஸ்ஸில் தன் பக்கத்து சீட்டில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தார். "நம்ம மூஞ்சி அம்மாம் பெருசா தெரியுமா புள்ள?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

அது ஒரு சின்ன ஹால். தேயிலை ஏலக் கம்பெனிக்காரர்கள், டீச்சர்கள், சென்னையிலிருந்து வந்த விமர்சகர் ஒருவர் என்று அறுபது பேர் இருப்பார்கள். துரை முதல் வரிசையில். விளக்கை அணைத்தார்கள். நான் திரையைப் பார்க்கவே இல்லை, ஆட்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரத்தில் ஏலக்காரர் ஒருவர் குறட்டை விட ஆரம்பித்தார். அவர் பிள்ளைகுட்டி நன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்தினேன். துரை போனை எடுத்து முழங்காலுக்குக் கீழே வைத்து நோண்ட ஆரம்பித்தார். எங்கள் பெண்கள் வாரம் ஆறு நாள் காட்டில் நிற்கிறவர்கள், மெத்தை சீட்டில் உட்கார்ந்ததும் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்துவிட்டார்கள். சரி, தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன்.

அந்தக் காட்சி வந்தது. திரை முழுக்க வெள்ளை. மெல்ல மெல்லப் பச்சை. நடுவில் அக்கா. எனக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அக்கா சீட்டின் நுனிக்கு வந்துவிட்டார். திரையில் அவர் கைகள் ஓடிக்கொண்டிருந்தன. செடி மேல் தாவி, கிள்ளி, தோளுக்கு மேலே பின்னால் வீசி, மறுபடி தாவி. நடுக்கத்துக்கு முந்தின நாளின் கைகள். மடியில் இருந்த கைகள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு ஆடின.

முதலில் கையைத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன். ஒரு கட்டத்தில் அவர் தலை லேசாக நிமிர்ந்தது. பனி விலகி, அவர் முதுகுக்குப் பின்னால் துணி தெரிந்தது. வேறு படமாக இருந்தால் ஒரு நொடியில் போயிருக்கும். இது போகவில்லை. ஆடுகிறது, நிற்கிறது, மறுபடி ஆடுகிறது. ஐயோ, வெட்டுடா, வெட்டுடா என்று உள்ளுக்குள் அலறினேன். அந்தத் தொப்பிப் பையன் திட்டியதெல்லாம் போதாது என்று தோன்றியது. அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

படம் முடிந்ததும் தம்பியை மேடையில் உட்கார வைத்தார்கள். சென்னை விமர்சகர் எழுந்து, அந்தச் சிவப்புத் துணியில்தான் மொத்தப் படமும் தொங்குகிறது, அதன் அர்த்தம் என்ன என்று கேட்டார். தம்பி சிரித்தார். "அர்த்தத்தை நான் சொல்லக் கூடாது சார். இங்க நடிச்ச அம்மா இருக்காங்க, அவங்களுக்கு என்ன தோணுச்சுன்னு கேப்போம்" என்று மைக்கை அக்காவுக்கு அனுப்பினார்.

அக்கா எழுந்தார். மைக் அவர் கையில் நடுங்கியது.

"அது மருந்து அடிச்ச காட்டுல நடுற துணிங்க" என்றார். "அது இருந்தா உள்ள போகக் கூடாது. ஆனா இது ஓடைக்காடு. ஓடைக்காட்டுல அன்னிக்கு மருந்து அடிக்கல. பாறைக்காட்டுலதான் அடிச்சாங்க." அங்கே நிறுத்தினார். "அப்படின்னா அந்தத் துணிய அங்கேர்ந்து யாரோ தூக்கிட்டு வந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஹாலே கை தட்டியது. விமர்சகர் எழுந்து நின்று தட்டினார். இதைவிட ஆழமாக இந்தப் படத்தை யாரும் சொல்லிவிட முடியாது என்று மைக்கில் சொன்னார். துரையும் போனை வைத்துவிட்டுத் தட்டினார். பாறைக்காடு எது, ஓடைக்காடு எது என்று தெரிந்த மனுசர்! அவருக்கும் அது உறைக்கவில்லை. நானும் தட்டினேன். தட்டாமல் இருந்தால் தெரிந்துவிடுமே என்று தட்டினேன்.

திரும்பும்போது அக்காவின் பக்கத்து சீட்டில் பை இருந்தது. நான் வந்து நின்றும் அவர் அதை எடுக்கவில்லை. பஸ்ஸில் வேறு இடம் காலியாகத்தான் இருந்தது. எனக்கு உட்காரத் தோன்றவில்லை. முக்கால் மணி நேரமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன். வேலை போய்விடுமே, வீடு போய்விடுமே என்றுதான் இரண்டு வருடமாகப் பயந்தேன் என்று நினைத்திருந்தேன். அந்த வழி முழுக்க வேலையும் வீடும் ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை. அந்தப் பையை அவர் எடுப்பாரா மாட்டாரா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

லைன் முக்கில் இறங்கினோம். மற்றவர்கள் பேசிக்கொண்டே முன்னால் போய்விட்டார்கள். இன்னும் வெளிச்சம் இருந்தது. அக்கா தன் வீட்டுப் படியில் கால் வைத்தார்.

"அக்கா" என்றேன். "கருவாடு இல்லைங்கக்கா."

அவர் திரும்பவில்லை. சாவியைப் பூட்டில் நுழைக்கப் பார்த்தார். இரண்டு தடவை தவறியது.

"தெரியும் புள்ள. பதினாலு நிமிசம் பார்த்தேன்ல" என்றார். "தூக்கிட்டுப் போய் அங்கயே விட்டத மறதின்னு வெச்சுக்குவேன். நீ எங்கள வெளிய கூட்டிட்டு வரும்போது துணி முகப்புல நட்டிருந்துச்சே. மெனக்கெட்டு மொதல்ல அத நட்டுட்டா வந்த?"

நான் ஆமாம் என்றேன். எனக்கே கேட்காத குரலில்தான் வந்தது.

மூன்றாவது தடவை பூட்டு திறந்தது. "நாளைக்குக் காலையில ஆபீசுல நீயே சொல்லு. நான் வெளிய நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் எட்டு மணிக்கு நான் துரையின் அறைக்குள் போனேன். அக்கா வாசலில் நின்றார், கைகள் இரண்டையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு. எனக்குத் துணையாக நின்றாரா, நான் சொல்லாமல் திரும்பிவிடக் கூடாது என்று நின்றாரா? அதைக் கேட்கிற தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.